குலசை தசராவுக்குப் பிள்ளைக்கு வேஷம் கட்டப் போகிறீர்களா?

புரட்டாசி பிறந்துவிட்டால் எனக்கு ஃபோன் வர ஆரம்பித்துவிடும். சென்னையில் மளிகைக்கடை வைத்திருக்கும் சொந்தக்காரர்கள், திருப்பூரில் பனியன் கம்பெனிக்குப் போகிறவர்கள், மும்பையிலேயே தங்கிவிட்ட அத்தான்மார் எல்லோரும் கேட்பது ஒன்றுதான். "பையனுக்கு வேஷம் போடறதா நேர்ந்திருக்கோம். டிரெஸ் எங்க வாங்கலாம்?" டிரெஸ்ஸைப் பிறகு பார்க்கலாம், பிள்ளை யார் யார் வாசலில் போய்க் கையேந்தப் போகிறான், அதை முதலில் முடிவு செய்யுங்கள் என்பேன். வெளியூரில் வளர்ந்தவர்களுக்கு இது சம்பந்தமில்லாத பதிலாகத் தோன்றும். ஆனால் துணி, கிரீடம், சாயம், வால் எல்லாமே அதைப் பொறுத்துத்தான் அமையும்.

புதிதாக வருகிறவர்களுக்காகக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். குலசை என்று நாங்கள் சொல்லும் குலசேகரன்பட்டினம் தூத்துக்குடி மாவட்டத்தில், திருச்செந்தூரிலிருந்து சுமார் 13 கி.மீ. தெற்கே, கடலை ஒட்டிய ஊர். அங்கே முத்தாரம்மனும் ஞானமூர்த்தீஸ்வரரும் ஒரே பீடத்தில் அமர்ந்திருக்கிறார்கள். நவராத்திரி முதல் நாள் கொடியேறும். பத்தாம் நாள், விஜயதசமி அன்று நள்ளிரவில் கடற்கரையில் அம்மன் மகிஷாசூரனை வதம் செய்யும் சூரசம்ஹாரம். இடைப்பட்ட நாட்களில் காளியும் குரங்கும் கரடியும் ராஜாவும் எமனும் போலீசும் தூத்துக்குடி, நெல்லை, கன்னியாகுமரி மாவட்டத்துத் தெருக்களில் வீடு வீடாக, கடை கடையாகப் போய் அம்மன் பேரைச் சொல்லிக் காணிக்கை கேட்பார்கள். சேர்ந்த காசு கடைசியில் கோயில் உண்டியலுக்குப் போய்விடும். ஊரில் எவ்வளவு வசதியானவராக இருந்தாலும், நேர்ந்துகொண்டால் இறங்கிக் கையேந்தியாக வேண்டும்.

ஆக, வேஷம் கட்டுவதே காணிக்கை கேட்கத்தான். பிள்ளையால் நடக்க முடிகிறதா, கையை நீட்ட முடிகிறதா, வாய் திறந்து கேட்க முடிகிறதா, தாகம் எடுத்தால் தண்ணீர் குடிக்க முடிகிறதா என்று பாருங்கள். ஃபோட்டோவில் எப்படி விழும் என்பதை மனசில் வைத்து வேஷம் கட்டினால், அரை மணி நேரத்தில் பிள்ளை அழுதுகொண்டு உங்கள் தோளில்தான் இருக்கும். வருஷா வருஷம் குலசைக்குப் பக்கத்து ஊரான உடன்குடியின் பஜாரில் அப்படிப் பல பிள்ளைகளைப் பார்க்கிறேன். பாவமாக இருக்கும்.

எந்த வேஷம்?

நேர்ந்துகொண்டபோது வேஷத்தின் பேரைச் சொல்லி நேர்ந்திருந்தால் அதைத்தான் கட்ட வேண்டும், அதில் மாற்றுப் பேச்சு இல்லை. எனக்குச் சின்ன வயதில் அம்மை போட்டு, கண் திறக்க முடியாமல் வேப்பிலைமேல் கிடந்தபோது, "எழுந்திரிச்சு நடந்துட்டான்னா குரங்கு வேஷம் போட்டு உன் வாசலுக்குக் கூட்டியாரேன் தாயே" என்று ஆச்சி நேர்ந்துகொண்டாள். அதனால் என் தசரா எல்லாம் குரங்காகவே கழிந்தது. பக்கத்து வீட்டுப் பையன் ராஜா வேஷத்தில் ஜிகினா உடுப்போடு நிற்கும்போது எனக்கும் ஆசையாகத்தான் இருக்கும். ஆச்சியிடம் கேட்டதும் உண்டு. "அம்மன்கிட்டச் சொன்னதை மாத்த முடியுமாலே?" என்பதோடு பேச்சு முடிந்துவிடும்.

வேஷத்தின் பேரைச் சொல்லாமல் நேர்ந்திருந்தால் பிள்ளையிடமே கேளுங்கள். என் அபிப்பிராயம் இது. கைக்குழந்தைக்கு வேஷமே வேண்டாம்; சிவப்புத் துணி உடுத்தி, நெற்றியில் குங்குமம் இட்டு, தாயோ தகப்பனோ இடுப்பில் வைத்துக்கொண்டு வாசலில் நின்று கேட்டால் போதும். நாலைந்து வயதுக்கு முருகன், கிருஷ்ணன், சின்ன அம்மன் சரியாக வரும், கிரீடம் லேசாக இருந்தால். ஆறு வயதிலிருந்து பத்து வயதுவரை குரங்கைப் போல வராது. கிரீடம் இல்லை, பட்டுத் துணி இல்லை, அழுக்கானால் பரவாயில்லை, குதிக்கலாம், மரத்தில் ஏறலாம். கூச்சப்படும் பிள்ளைகூடக் குரங்கு வேஷத்தில் கூச்சத்தை விட்டுவிடும். பெண் பிள்ளைகளும் தாராளமாகக் கட்டலாம், என் அண்ணன் மகள் கட்டியிருக்கிறாள். அதற்கு மேல் வயதானால் நாரதர், போலீஸ், வக்கீல், நர்ஸ், ராஜா, ராணி என்று அவர்களே முடிவு செய்துவிடுவார்கள்.

காளி வேஷம் பிள்ளைகளுக்கு வேண்டாம். பெரியவர்களே அதற்கு 41 நாள், 48 நாள் என்று விரதம் இருந்து, ஊரில் குடில் போட்டுத் தங்கி, ஒரு வேளை பச்சரிசிச் சோறு சாப்பிட்டு உடம்பையும் மனசையும் தயார் செய்துகொள்கிறார்கள். சடைமுடி, கிரீடம், நெற்றிப்பட்டை, கண்மலர், வீரப்பல், முதுகில் கட்டும் கைகள் என்று எல்லாம் ஏறியபிறகு அந்தப் பாரத்தைத் தூக்கிக்கொண்டு நடப்பது வளர்ந்த ஆளுக்கே பெரும்பாடு. மகள் காளிதான் வேண்டும் என்று அடம்பிடித்தால் சிவப்புப் பாவாடை, அட்டைக் கிரீடம், கையில் வேப்பிலை வைத்து அம்மன் வேஷம் கட்டிவிடுங்கள், சந்தோஷப்படுவாள்.

குறவன் குறத்தி வேஷம் பற்றி ஒரு வார்த்தை. என் சின்ன வயதில் தெருவுக்கு ஒரு ஜோடியாவது இருக்கும். பாசிமணி, ஓலைப்பெட்டி, கையில் கோல். ஆனால் அந்தச் சமூகத்து மக்களே தங்களைக் கேலிப்பொருளாக்குவதாக வருத்தப்பட்டு நீதிமன்றம்வரை போனார்கள். 2023ல் கரகாட்டத்தில் குறவன் குறத்தி ஆட்டம் ஆடக் கூடாது என்று அரசு உத்தரவே போட்டது. அம்மனுக்காகக் கட்டும் வேஷம் இன்னொருவர் மனசை நோகடிக்கக் கூடாது. என்னிடம் வருகிற பிள்ளைகளுக்கு நான் அதைக் கட்டுவதில்லை. உங்களையும் அதைத்தான் கேட்டுக்கொள்வேன்.

விரதமும் காப்பும்

கொடியேறியதும் கோயிலில் காப்பு தருவார்கள். கையில் காப்பு ஏறிய பிறகுதான் வேஷம். தசரா செட் (சேர்ந்து வேஷம் கட்டிப் போகும் குழு) உள்ள ஊர்களில் செட்டில் இருக்கும் பெரியவர் வாங்கி வந்து கட்டிவிடுவார். குடும்பத்தோடு குலசைக்கே போகிறவர்கள் கடலில் குளித்துவிட்டுக் கட்டிக்கொள்வார்கள். பிள்ளைகளுக்கு நீண்ட விரதம் யாரும் சொல்வதில்லை. எங்கள் வீட்டில் கொடியேற்றத்துக்கு முன்பே கறி, மீன், முட்டை நின்றுவிடும், சமையல் பாத்திரங்களைக் கழுவி வைத்துவிடுவோம். காப்பு கட்டியபின் சாவு விழுந்த துஷ்டி வீட்டுக்குக் கூட்டிப் போகக் கூடாது. கெட்ட வார்த்தை பேசக் கூடாது, செருப்புப் போடக் கூடாது. பள்ளிக்கூடம் இருந்தால் செருப்பு விஷயத்தை வகுப்பு ஆசிரியரிடம் முன்கூட்டிச் சொல்லிவிடுங்கள், எங்கள் பக்கத்தில் அவர்களுக்கே தெரியும்.

பட்டினி போடாதீர்கள். வளரும் பிள்ளை நேரத்துக்குச் சாப்பிட வேண்டும்.

குரங்குக்கு உடுப்பு

குரங்கு வேஷத்தை விரிவாகச் சொல்கிறேன். இதைக் கட்டத் தெரிந்தால் கரடிக்கும் மற்றதுக்கும் கை தானாக வந்துவிடும்.

கடையில் புசுபுசுவென்று மொத்தத் துணியில் தலைமுதல் கால்வரை ஒரே உடுப்பாகக் கிடைக்கிறது. பார்க்க நன்றாக இருக்கும். தசரா நேரத்தில் எங்கள் பக்கம் வெயில் தணிந்திருக்காது, கடற்காற்று நின்றுவிட்டால் புழுக்கம் வேறு. அந்த உடுப்புக்குள் பிள்ளை வெந்துபோகும். அதுவும் முதுகில் ஜிப் வைத்த ஒரே உடுப்பு என்றால் ஒன்றுக்குப் போக ஒவ்வொரு முறையும் முழுசாகக் கழற்ற வேண்டும். அந்த அவசரத்தில் நடப்பது உங்களுக்கே தெரியும்.

பழைய முழுக்கைப் பருத்தி பனியன் ஒன்று, பைஜாமா ஒன்று எடுத்துக்கொள்ளுங்கள். இரண்டும் ஒரு அளவு பெரிதாக இருக்கட்டும். பைஜாமாவுக்கு இடுப்பில் நாடா. ஆச்சி காலத்தில் ரோமத்துக்குப் பனந்தும்புதான், பனைமட்டையின் நார். உடன்குடி வட்டாரத்தில் தும்புக்குப் பஞ்சமா? ராத்திரி தண்ணீரில் ஊறப்போட்டு, காலையில் தட்டி, சீப்பால் வாரி, காவிப் பொடியில் முக்கிக் காயவைப்பாள். எவ்வளவு வாரினாலும் தும்பு குத்தும் என்பதால் உள்ளே தாத்தாவின் பழைய வேட்டியை வெட்டி ஒட்டுத் துணி கொடுத்திருப்பாள். இப்போது நான் சணல் கயிறு வாங்குகிறேன். நிறம் ஏற்கெனவே பொருத்தமாக இருக்கிறது, மெதுவாகவும் இருக்கிறது. ஒரு சாண் நீளத்துக்கு வெட்டி, முறுக்கைப் பிரித்து, பழைய சீப்பால் வாரினால் ரோமம் தயார்.

தைக்கும்போது உடம்பு முழுவதும் தைக்க வேண்டாம். தோள், முதுகு, கையின் வெளிப்பக்கம், தொடையின் வெளிப்பக்கம் போதும். அக்குளிலும் வயிற்றிலும் வெறும் பனியன்துணியாக விட்டுவிட்டால் காற்று போகும். கூரை வேய்வதைப் போல, கீழ் வரிசையை முதலில் தைத்து, அடுத்த வரிசை அதன் தலைப்பை மூடும்படி மேலே மேலே போங்கள். மேலிருந்து தைக்க ஆரம்பித்தால் தையல் எல்லாம் வெளியே தெரியும். டெய்லரிடம் கொடுப்பதாக இருந்தால் ஆவணியிலேயே கொடுத்துவிடுங்கள். புரட்டாசியில் எங்கள் பக்கத்து டெய்லர்களுக்கு மூச்சுவிட நேரம் இருக்காது.

வால்தான் முக்கியம். கம்பி வைத்து வளைத்த வாலைத் தயவுசெய்து கட்டாதீர்கள். கூட்டத்தில் அது இன்னொரு பிள்ளையின் கண் உயரத்தில்தான் ஆடிக்கொண்டிருக்கும். விரல் பருமனுள்ள தேங்காய்நார்க் கயிற்றைப் பழைய துணியால் சுற்றி, மேலே சணல் ரோமத்தை வைத்துத் தையுங்கள். தரையில் இழுபடாமல் முழங்கால் மடிப்புவரை நீளம் இருக்கட்டும். அதைப் பைஜாமாவோடு தைத்துவிடாமல், தனியாக ஒரு இடுப்புப் பட்டையில் கட்ட வேண்டும். கட்டும் முடிச்சு இழுத்தால் அவிழ்கிற முடிச்சாக இருக்க வேண்டும். குரங்கைக் கண்டால் வாலைப் பிடித்து இழுக்காத ஆள் கிடையாது. பைஜாமாவோடு தைத்த வாலை இழுத்தால் துணி கிழியும், இல்லாவிட்டால் பிள்ளை மல்லாக்க விழும். ஆச்சி போட்ட முடிச்சு வாலை இழுத்தவன் கையோடு அனுப்பிவிடும். அவனும் திகைத்துப்போய் நிற்பான். "அம்மன் குரங்கு வாலைப் பிடிச்சிட்டியே, காணிக்கையைப் போட்டுட்டு வாலைக் குடு" என்று ஆச்சி அவன் முன்னால் போய் நின்றுகொள்வாள். ஒருவரும் கோபப்பட்டதில்லை. வாலால் வந்த காசு நிறைய.

மற்ற வேஷங்களுக்குக் கிரீடம் செய்யும்போது பிளைவுட், தகரம் எல்லாம் வேண்டாம். நோட்டுப் புத்தக அட்டை இரண்டை மைதாப் பசையில் ஒட்டிக் காயவைத்து வெட்டி, ஜிகினாத் தாள் ஒட்டினால் போதும். தலையைச் சுற்றி நூலால் அளக்கும்போது இரண்டு விரல் உள்ளே விட்டு அளந்து, அந்த இடைவெளியில் ஸ்பாஞ்சு ஒட்டுங்கள். வியர்வையையும் அது குடித்துக்கொள்ளும். காதுக்குப் பின்னால் நாடாவை இறக்கி மோவாய்க்குக் கீழே கட்டினால் குனிந்து நிமிரும்போது விழாது. ஊக்கு எங்கேயும் குத்தாதீர்கள். கூட்டத்தில் அது திறந்துகொள்ளும். வேல், சூலம், கதாயுதம் எல்லாம் அட்டையிலோ தெர்மாகோலிலோ செய்தால் போதும். இரும்பில் செய்த ஆயுதங்களைக் கொண்டுவரக் கூடாது என்று காவல்துறை அறிவிப்பும் வருகிறது.

முகத்துக்குச் சாயம்

இங்கேதான் ரொம்ப ஜாக்கிரதையாக இருக்க வேண்டும். பிள்ளைத் தோல் மெல்லியது. சுவருக்கு அடிக்கும் பெயின்ட், துணிச் சாயம், வெள்ளி நிறத்துக்கு அலுமினியப் பொடி, இதையெல்லாம் பூசிவிட்டு அனுப்புகிறவர்கள் இன்னும் இருக்கிறார்கள். வேண்டவே வேண்டாம். செந்தூரத்தை வாயைச் சுற்றிப் பூசாதீர்கள், சிலவற்றில் ஈயம் கலந்திருக்கும், பிள்ளை நாக்கால் நக்கிவிடும். நாடக மேக்கப் சாமான் விற்கும் கடையில் தண்ணீரில் கரையும் முகச்சாயம் என்று கேட்டு வாங்குங்கள். வாங்கியதை முந்தின நாளே காதுக்குப் பின்னால் ஒரு பொட்டளவு வைத்துப் பாருங்கள். காலையில் சிவந்திருந்தாலோ பிள்ளை சொறிந்தாலோ அதைத் தூக்கிப் போட்டுவிடலாம்.

ஆச்சி எல்லாவற்றையும் வீட்டிலேயே செய்துகொள்வாள். விளக்கெண்ணெய் விளக்கின் சுடருக்கு மேலே பித்தளைத் தட்டைக் கவிழ்த்துவைத்து, ராத்திரி முழுக்கப் படிந்த கரியை வழித்து, இன்னும் கொஞ்சம் விளக்கெண்ணெய் விட்டுக் குழைப்பாள். அதுதான் கறுப்பு. காவிக்கல்லைச் சந்தனக்கல்லில் உரசித் தேங்காய் எண்ணெயில் குழைத்தால் சிவப்பு. வெள்ளைக்குக் கூத்துக்காரர்கள் பூசும் முத்துவெள்ளை. திண்ணையில் என்னை வடக்கே பார்த்து உட்காரவைத்து, இரண்டு முழங்காலுக்கு நடுவில் என்னை அழுத்திப் பிடித்துக்கொள்வாள். முதலில் முகத்தில் தேங்காய் எண்ணெய், பளபளப்பு அடங்கும்வரை துணியால் ஒற்றி எடுப்பாள். பிறகு வாயையும் மூக்கையும் சேர்த்து ஒரு முட்டை வடிவத்தில் சிவப்பு. அதன் ஓரத்தில் சுண்டுவிரலால் வெள்ளைக் கோடு. புருவத்துக்கு மேலே கறுப்பில் இரண்டு வளைவு, கன்னத்தில் மேல்நோக்கி மூன்று மூன்று கீற்று. கண்ணிமையைத் தொடவே மாட்டாள். "கண்ணை மூடாத, என்னயப் பாரு" என்பாள். சுண்டுவிரல் நடுங்காமல் போகும். கடைசியில் முகத்தை இப்படியும் அப்படியும் திருப்பிப் பார்த்துவிட்டு, என் நெற்றியில் மட்டும் கொஞ்சம் இடம் விட்டுவைத்திருப்பாளே, அங்கே அம்மன் குங்குமத்தை இடுவாள். அதோடு நான் குரங்கு.

நானும் கிட்டத்தட்ட அந்த முறையில்தான் இன்றைக்கும் கட்டுகிறேன். எண்ணெயில் குழைத்த சாயமாக இருந்தால் எண்ணெய் முதலில், அதை ஒற்றி எடுத்து, வெளிர் நிறம், பிறகு அழுத்தமான நிறம், கடைசியில் கறுப்புக் கோடு. இமை, உதட்டின் உட்பக்கம், மூக்குத் துளை மூன்றையும் விட்டுவிடுங்கள். பிளாஸ்டிக் முகமூடி வாங்கி மாட்டுவது சுலபம்தான், ஆனால் உள்ளே மூச்சு முட்டும், பக்கவாட்டில் வரும் வண்டியும் தெரியாது. வியர்த்தால் துடைக்காமல் பருத்தித் துணியால் ஒற்ற வேண்டும் என்று கூட வருகிறவர்கள் எல்லோருக்கும் சொல்லிவையுங்கள். ஒரு பாட்டி பாசத்தில் முந்தானையால் ஒரு தடவை துடைத்தால் மொத்தமும் போச்சு.

காணிக்கை கேட்கக் கற்றுக்கொடுங்கள்

வேஷம் கட்டி வெளியே கூட்டிவந்துவிட்டுப் பெரியவர்களே உண்டியலைக் குலுக்கிக் கேட்பதை இப்போது நிறையப் பார்க்கிறேன். பிள்ளை பக்கத்தில் பொம்மையாட்டம் நிற்கிறது. அப்படிச் செய்யாதீர்கள். கேட்க வேண்டியது வேஷம் கட்டியவர்தான். வீட்டிலேயே முதல் நாள் பழக்குங்கள். வாசலில் நின்று "ஓம் காளி, ஜெய் காளி" என்று குரல் கொடுக்க வேண்டும். ஆள் வந்ததும் "முத்தாரம்மனுக்குக் காணிக்கை போடுங்கம்மா" என்று கேட்க வேண்டும். எவ்வளவு போட்டாலும் குங்குமம் கொடுக்க வேண்டும். போடாமல் "அடுத்த வீடு பாரு" என்றாலும் முகத்தைச் சுருக்காமல் நகர வேண்டும்.

முதல் வாசல் பெரியம்மா, அத்தை, சித்தி வீடாக இருக்கட்டும். தெரிந்தவர்கள் சிரித்து உற்சாகப்படுத்தினால் குரல் எழும்பும். பிறகு தெரு, பிறகு பஜார். எனக்கு முதலில் வாயே வரவில்லை. கையைப் பாதி நீட்டி, தரையைப் பார்த்துக்கொண்டு நின்றேன். ஆச்சி பின்னால் நின்றபடி முதுகில் ஒரு விரலால் குத்தினாள். "ஏல, நிமிந்து கேளு. உனக்கா கேக்க? அம்மனுக்குத்தானே கேக்க." அந்த ஒரு பேச்சில் என் கூச்சம் போய்விட்டது. உங்கள் பிள்ளைக்கும் அதையே சொல்லிப் பாருங்கள்.

உடன்குடி பஜாரில் பாய் கடை, நாடார் கடை, கிறிஸ்தவர் கடை என்று எந்தப் படியும் விடாமல் ஏறியிருக்கிறோம். கருப்பட்டிக் கடைக்காரர் ஒருவர் காசோடு ஒரு சில்லுக் கருப்பட்டியும் என் கையில் வைப்பார். அதை மட்டும் தின்ன ஆச்சி விடுவாள், காசில் கைவைக்க விடமாட்டாள்.

அதில் நானும் கண்டிப்பு. காணிக்கைக் காசில் டீ, பஸ், பெட்ரோல் எதுவும் கூடாது. செலவுக்கு உங்கள் பையில் தனிக்காசு வையுங்கள். பித்தளைத் தாம்பாளம் பிள்ளைக்குக் கனக்கும். மஞ்சள் துணிப்பை ஒன்று கழுத்தில் மாட்டி, கையில் சின்னத் தட்டு கொடுங்கள். ராத்திரி வந்ததும் சாமி படத்துக்கு முன்னால் பிள்ளையை உட்காரவைத்து எண்ணச் சொல்லி, மஞ்சள் துணியில் முடிந்து வைத்துவிடுங்கள். எங்கள் வீட்டுப் பிள்ளைகள் கூட்டல் கணக்கைப் பழகியதே இந்த முடிச்சில்தான்.

நேரம் பற்றி. காலை பத்து மணிக்குள்ளும் மாலை நாலரைக்கு மேலும் போங்கள். செருப்பில்லாக் கால், எங்கள் பக்கம் தேரிமண், உச்சி வெயிலில் அனலாய்க் கொதிக்கும். வாசலுக்கு வாசல் ஒரு மிடறு தண்ணீர், நடுவில் மோர், திரும்பியதும் இளநீர். பெரிய செட்டோடு சேர்ந்து போவதாக இருந்தால் மேளத்துக்குப் பக்கத்தில் பிள்ளையை நிறுத்தாதீர்கள், காதில் கொஞ்சம் பஞ்சு வையுங்கள். செண்டை மேளம் சேர்ந்த செட் என்றால் கட்டாயம். சாமியாடுகிறவர்களைப் பார்த்துப் பிள்ளை பயந்தால் தூக்கிக்கொண்டு நகர்ந்துவிடுங்கள், பழகட்டும் என்று நிறுத்திவைக்க வேண்டாம்.

பத்தாம் நாள்

லட்சக்கணக்கான ஜனம். குலசைக்குள் வாகனங்களை விடமாட்டார்கள், ஊருக்கு வெளியே நிறுத்திவிட்டு நடக்க வேண்டும். மதியத்துக்கு முன்பே போய்ச் சேர்ந்து, கூட்டம் ஏறுமுன் உண்டியலில் காணிக்கையைச் செலுத்திவிடுவது நல்லது. மஞ்சள் முடிச்சைப் பிள்ளையே அவிழ்த்து, பிள்ளை கையாலேயே போடட்டும். வரிசையில் தள்ளுமுள்ளு இருந்தாலும் அந்த ஒரு நிமிஷத்தை விட்டுக்கொடுக்காதீர்கள். சுற்றியலைந்து கேட்ட காசு எங்கே போய்ச் சேர்ந்தது என்று பிள்ளை பார்க்க வேண்டும்.

உடுப்பின் உட்பக்கத்தில் அழியாத மையால் உங்கள் ஃபோன் எண்ணை எழுதிவிடுங்கள். கையில் எழுதினால் வியர்வையில் அழிந்துபோகும். தொலைந்துபோனால் தேடுவதற்கு, "குரங்கு வேஷம் போட்ட பையன்" என்ற அடையாளம் அன்றைக்கு உதவவே உதவாது, எங்கே பார்த்தாலும் குரங்குதான். அதற்காகவே நான் கட்டும் பிள்ளைகளுக்கு வால் நுனியில் ஒரு பச்சைத் துணி சுற்றிவிடுவேன்.

நள்ளிரவில் அம்மன் சிம்ம வாகனத்தில் கடற்கரைக்கு, சிதம்பரேஸ்வரர் கோயிலுக்கு முன்னால் எழுந்தருளுவாள். சூரன் யானைத் தலை, சிங்கத் தலை, எருமைத் தலை, சேவல் என்று ஒவ்வொன்றாக மாறி வருவான். சின்னப் பிள்ளைகள் அதுவரை விழித்திருக்காது. சாயங்காலமே வேஷத்தைத் தளர்த்தி, ஒரு பாயில் தூங்கவைத்துவிட்டு, அம்மன் வரும்போது எழுப்பித் தோளில் ஏற்றிக் காட்டுங்கள். தூக்கத்தில் கண்ட சிங்கத் தலை இன்னும் எனக்கு நினைவிருக்கிறது. முன்னால் போய் நிற்க ஆசைப்படாதீர்கள். மணலில் பின்னால் சற்று மேடான இடம் பார்த்து நில்லுங்கள், கூட்டம் கலையும்போது வெளியேற வழி இருக்கும்.

களைவது

காப்பு களைவது மறுநாள் மாலை, அம்மன் ஊர்சுற்றிக் கோயிலுக்குத் திரும்பிய பிறகு. ஆனால் முகச்சாயத்தை அதுவரை வைத்திருக்கத் தேவையில்லை. சம்ஹாரம் முடிந்ததும் கழுவிவிடுங்கள், சாயத்தோடு தூங்கவிடாதீர்கள். வெறும் தண்ணீரில் தேய்த்தால் எண்ணெயில் குழைத்த சாயம் போகாது, தோல்தான் எரியும். தேங்காய் எண்ணெயைத் தாராளமாகத் தடவி, கொஞ்ச நேரம் ஊறவிட்டு, பஞ்சால் நெற்றியிலிருந்து கீழ்நோக்கி வழித்து எடுங்கள். கண்ணைச் சுற்றி மட்டும் மூக்குப் பக்கமிருந்து வெளியே. பிறகு பயத்தமாவு போட்டு வெதுவெதுப்பான தண்ணீரில் கழுவி, மறுபடி ஒரு சொட்டு எண்ணெய். கடலில் குளித்தால் எல்லாம் போய்விடும் என்பார்கள். உப்புத் தண்ணீர் சாயத்தோடு கண்ணில் இறங்கினால் பிள்ளை துடித்துப்போகும். முகத்தை முதலில் சுத்தம் செய்துவிட்டுப் பிறகு கடலில் இறக்குங்கள்.

உடுப்பைத் துவைத்து நிழலில் காயவைத்து, சணல் ரோமத்தை ஒருமுறை வாரி, இரண்டு துண்டு வசம்பு போட்டுத் துணியில் சுற்றி வையுங்கள். கிரீடத்தை அட்டைப்பெட்டியில் கவிழ்த்துவைத்தால் வளையாது. கை, கால் மடிப்பில் தையலுக்கு இடம் விட்டிருந்தால் அடுத்த வருஷமும் அதே உடுப்பு போதும். நேர்ச்சை முடிந்துவிட்டால் வீட்டிலேயே போட்டு வைக்காமல், புதிதாக நேர்ந்திருக்கும் வீட்டுக்குக் கொடுத்துவிடுங்கள். இப்போது என் கையில் இருக்கும் குரங்கு உடுப்பு அப்படிச் சுற்றி வந்ததுதான். இந்த வருஷம் வேண்டுமென்று ஏற்கெனவே ஒரு வீட்டில் கேட்டு வைத்திருக்கிறார்கள், அதனால் நீங்கள் சணல் வாங்கி ஆரம்பித்துவிடுங்கள்.